முதல் சினை

தொட்டி எங்கள் வீட்டுக்கு உழவு இயந்திரப் பெட்டியில், யூரியாப் பைகளுக்கு நடுவே, வைக்கோல் அணையில் வந்து சேர்ந்தது. மூன்றடி நீளமான கண்ணாடித் தொட்டி. பரந்தன் சந்தியிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் கிரவல் பாதை. அது உடையாமல் வந்ததே பெரிய காரியம். என் கணவர் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து, விறாந்தையில் நான் இருந்த கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“என்ன இது?” என்றேன்.

“மீன் தொட்டி. பாங்கில வேலை செய்த ஒருத்தர் மாற்றலாகிப் போறார். சும்மா தந்தவர்.”

“மீன் எங்க?”

“மீனெல்லாம் ஆருக்கோ குடுத்திட்டாராம். உதுக்குள்ள ஏதோ இறால் கிடக்காம்.”

மூடி போட்ட ஒரு பிளாஸ்ரிக் வாளியைத் திறந்து காட்டினார். அரை வாளித் தண்ணீரில் ஒரு பிடி பாசி மிதந்தது. வேறொன்றும் தெரியவில்லை. நான் திரும்பவும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது ஆடி மாதம். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. கலியாணமாகி ஏழு வருடங்களுக்குப் பிறகு தங்கிய பிள்ளை, எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள் அசைவதை நிறுத்தியது. பெண் பிள்ளை. மருந்து ஏற்றி, நோவு வரவைத்து, மற்றப் பெண்களைப் போலவே நானும் பெற்றேன். “பாக்கப் போறீங்களோ அம்மா?” என்று தாதி கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என் கணவர் ஒரு துவாயில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். எங்கே கொண்டு போனார், யார் கூடப் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் அழுதார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். முல்லைத்தீவிலிருந்து அண்ணா வந்து, என் தலையில் கையை வைத்து, “நாங்கள் காணாததே தங்கச்சி” என்றார். கடைசிச் சண்டையின்போது நாங்கள் கண்டவற்றை அவர் சொன்னார். ஓம் என்றேன். பசித்தது, சாப்பிட்டேன். நித்திரையும் வந்தது. நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த முன்பள்ளிக்கு மட்டும் போகவில்லை. லீவை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

தொட்டி மூன்று நாட்கள் விறாந்தையில் வெறுமையாகக் கிடந்தது. நாலாம் நாள் என் கணவர் அதை ஹோலுக்குள் தூக்கி, சீமெந்துக் கட்டில் வைத்து, ஆற்று மணல் கழுவிப் போட்டு, கிணற்றுத் தண்ணீர் நிரப்பினார். காற்று மோட்டரைப் பொருத்தியதும் பஞ்சிலிருந்து குமிழிகள் கிளம்பின. வாளியிலிருந்த பாசியை உள்ளே விட்டார். அடுத்த நாள் காலை நான் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனபோது, பாசியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்தது. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் குனிந்தேன். என் சின்னவிரல் நகத்தின் நீளம்கூட இல்லை. இரண்டு கைகளாலும் பாசியைக் கிள்ளிக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தது. ஒரு கை வாய்க்குப் போகும்போது மற்றக் கை கிள்ளியது. நிற்காமல் அதையே செய்தது. எவ்வளவு நேரம் பார்த்தேனென்று தெரியாது. என் கணவரின் தாயான மாமி வந்து, “பிள்ளை, உலை கொதிக்குது” என்றபோதுதான் நிமிர்ந்தேன்.

அன்று பின்னேரத்துக்குள் எண்ணிவிட்டேன். ஏழு.

நான் முல்லைத்தீவுக் கரையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் இறால் என்றால் கூடைக் கணக்கு. அப்பாவும் அண்ணாவும் களப்பிலிருந்து கொண்டுவருவார்கள். அம்மாவும் நானும் குந்தியிருந்து தலையைத் திருகிக் கழற்றிச் சட்டிக்குள் போடுவோம். சிலது கைக்குள் துடிக்கும். அதைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்தது கிடையாது. பிறகு வேலைக்காகக் கிளிநொச்சிப் பக்கம் வந்து, ஒரு வயல்காரரைக் கட்டி, கடலைப் பார்ப்பதே வருடத்துக்கு இரண்டு தடவை என்றாகிவிட்டது. அண்ணா அடுத்த முறை வந்தபோது தொட்டிக்கு முன்னால் நின்று சிரித்தார்.

“என்னடி இது, கூனி இறாலுக்கு மாளிகை கட்டி வைச்சிருக்கிறாய்?”

“கூனியில்லை, அண்ணா. செரி எண்டு ஒரு சாதி இறாலாம். வளந்தாலும் இவ்வளவுதானாம்.”

“எல்லாத்தையும் பொரிச்சாலும் ஒரு வாய்ச் சோத்துக்குக் காணாது” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். எனக்கு அது பகிடியாகவும் படவில்லை, கோபமும் வரவில்லை. அவர் கொண்டுவந்த கருவாட்டைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

ஆவணி தொடக்கத்தில் காற்று மோட்டர் நின்றுபோனது. என் கணவர் வயல் வேலையாகப் போயிருந்தார். தண்ணீரில் குமிழி இல்லாமல் இறால்கள் மேலே ஏறி, பஞ்சின் உச்சியில் கூடி நின்றன. ஏழும் ஒரே இடத்தில் நின்றதை நான் அதுவரை கண்டதில்லை. உடுப்பை மாற்றிக்கொண்டு, மோட்டரை ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு, பரந்தன் சந்திக்கு நடந்துபோய் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு நான் படலை தாண்டியது அன்றைக்குத்தான். பஸ்ஸில் இரண்டு பேர் என்னைத் தெரிந்தவர்கள். அவர்கள் வாயைத் திறக்குமுன் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிளிநொச்சியில் வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே அந்தக் கடை இருந்தது. முன்பாதி சைக்கிள் சாமான், பின்பாதி மீன். ரயர்கள் தொங்கும் இடத்தைக் குனிந்து கடந்தால் நீல வெளிச்சத்தில் தொட்டிகள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நடத்தினா. கையில் கிறீஸ் பூசியபடி மோட்டரைக் கழற்றி, உள்ளேயிருந்த றப்பரை மாற்றித் தந்தா. பிறகுதான் கேட்டா.

“என்ன வளக்கிறீங்கள்?”

“சிவப்பு இறால்.”

“கிணத்துத் தண்ணியோ, குழாய்த் தண்ணியோ?”

“கிணறு.”

“அப்ப நல்லது. குழாய்த் தண்ணிக்கு மருந்து போடுவினம், உதுகள் தாங்காது. எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட. அது மனுசருக்குத்தான் கூடாது. உதுகளுக்கு ஓடு கட்ட வேணும்.” கையைச் சீலைத் துண்டில் துடைத்தா. “சாப்பாடு கனக்கப் போடாதேங்கோ தங்கச்சி. பசியில இறால் சாகாது. போடுற சாப்பாடு ஊத்தையாகித்தான் சாகும். கிழமைக்கு ஒருக்கா ரெண்டு வாளி தண்ணி எடுத்து, ரெண்டு வாளி விடுங்கோ. வேற ஒண்டும் செய்யத் தேவையில்லை. பாத்துக்கொண்டிருந்தாக் காணும்.”

பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு முடியக்கூடிய வேலையாக இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு வாளி எடுத்தேன், இரண்டு வாளி விட்டேன். முருங்கை இலையை அவித்து இரண்டு காம்பு போட்டேன். அவை இலையைத் தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கும். ஒருநாள் காலையில் மணலில் ஒன்று செத்துக் கிடந்தது. தேயிலை வடியால் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். பாரமே இல்லை. கண், மீசை, கால் எல்லாம் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. தொட்டிக்குள் எண்ணினால் ஏழும் இருந்தன. சட்டை கழற்றியிருக்கிறது. அந்தச் சட்டையைத் திரும்பத் தண்ணீருக்குள் போட்டேன். அன்று மத்தியானம் ஆண் இறால்கள் பைத்தியம் பிடித்தவைபோலத் தொட்டி முழுக்கச் சுற்றிச் சுற்றி நீந்தின. சட்டை கழற்றிய பெண் ஒரு கல்லுக்கு அடியில் அசையாமல் நின்றது.

இரண்டு நாள் கழித்து அதன் வயிற்றுக்கு அடியில் மஞ்சள் மணிகள் தெரிந்தன. வால்பக்கத்துச் சின்னக் கால்களால் அவற்றை விசிறிக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போதும் விசிறியது. சும்மா நிற்கும்போதும் விசிறியது.

“மாமி, இது சினை” என்றேன்.

குசினி வாசலில் நின்ற மாமி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தா. நான் ஆஸ்பத்திரியால் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வகைச் சொற்கள் எதுவும் பேசப்படவில்லை. சினைப்பட்டிருந்த பசுவைக்கூட மாமி என் கண்ணில் படாதபடி வீட்டுக்குப் பின்னால் மாற்றிக் கட்டியிருந்தா. அது எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தேன். மாமி யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்குக் கலியாணம் முடித்து வந்தவ. கடல் சாமானைக் கையால் தொடமாட்டா. என்னைத் தன் மகன் கூட்டிவந்தபோது ஒரு வருடம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இப்போது மெல்ல வந்து, கண்ணாடிக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்தா.

“ஓம் பிள்ளை. மெய்தான்.” “இதுக்கு என்ன குடுக்கவேணும்?”

“ஒண்டும் விசேசமாய் வேண்டாம், மாமி.”

அன்றிலிருந்து காலையில் பூ வைத்துக் கும்பிட்ட கையோடு மாமி தொட்டிப் பக்கம் ஒருக்கா வந்து போவா.

ஒன்பதாம் நாள் முட்டைகள் மணலில் சிதறிக் கிடந்தன. பெண் இறால் தொட்டியின் அந்தப் பக்கத்தில் பாசியைக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தது. வயிறு வெறுமை. மற்ற இறால்கள் முட்டைகளுக்கு மேலே நடந்து திரிந்தன. நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். ஏதாவது வருமென்று காத்திருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். நெஞ்சு அடைக்கும், கை நடுங்கும் என்று. ஒன்றும் வரவில்லை. வெளியில் ஒரு காகம் கத்தியது. சுவர் மணிக்கூட்டின் சத்தம் கேட்டது. மாமி வந்து பார்த்தா, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டா.

கடைக்கார அம்மாவிடம் போனபோது சொன்னேன்.

“முதல் சினையெல்லே” என்றா, ஒரு சைக்கிள் சங்கிலியை அளந்தபடி. “முதல் சினையைக் கன இறால் விட்டிடும். பிடிச்சு வைக்கத் தெரியாது. அடுத்தமுறை பிடிக்கும், இருந்து பாருங்கோ.”

அடுத்தமுறை. வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் எனக்குச் சொல்லிவிட்டுப் போன சொல் அது. என் காதுக்குள் அது வெறும் சத்தமாகத்தான் போயிற்று. இந்த அம்மாவுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவ இறாலைப் பற்றித்தான் சொன்னா. ஆனபடியால் நான் கேட்டேன்.

“ஏன் விடுது?”

“ஆருக்குத் தெரியும்? தண்ணி மாறினாலும் விடும், பயந்தாலும் விடும். ஒண்டுமில்லாமலும் விடும்.”

ஒன்றுமில்லாமலும். ஆஸ்பத்திரியில் டொக்டரும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு கடதாசியில் எழுதித் தந்தார்கள். அந்தக் கடதாசி அலுமாரிக்குள் இருந்தது.

புரட்டாசியில் அதே பெண் திரும்பவும் சினைப்பட்டது. இந்த முறை மஞ்சள் மணிகள் நாளுக்கு நாள் மங்கி, சாம்பல் நிறமாகி, ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள் வந்தன. கண்கள். என் கணவருக்குக் கைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்துக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “கண் தெரியுது” என்றார். பிறகு முகம் கழுவப் போய்விட்டார். நாலாம் கிழமை ஒரு காலையில் பாசிக்குள் தூசிபோல ஏதோ அசைந்தது. குஞ்சுகள். குஞ்சென்றால் புழுவுமில்லை, பூச்சியுமில்லை. முழு இறால்தான், ஒரு ஊசிமுனையளவில். மீசை, வால், எல்லாம் இருந்தன. பிறந்த உடனேயே கிள்ளித் தின்னத் தொடங்கியிருந்தன. தாய் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகை போயின. வயல் விதைத்து, மழை பெய்து, பயிர் பச்சையாகி நின்றது. தொட்டியில் எண்ணிக்கை என் கைக்கு மீறிப் போய்விட்டது. நூறுக்கு மேலென்று நினைக்கிறேன். கரண்ட் போகும் நேரங்களில் மாமியும் நானும் மாறி மாறி ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுவோம், காற்றுப் பிடிக்கட்டும் என்று. வந்தவர்கள் யாரும் இப்போது என்னைப் பார்த்து அழுவதில்லை. தொட்டியைப் பார்த்தார்கள். அது எனக்குச் சுகமாக இருந்தது.

மார்கழியில் அண்ணாவின் மகளுக்குப் புதுநன்மை, முதன்முறை நற்கருணை வாங்கும் நாள். “நீ கட்டாயம் வரவேணும்” என்று அண்ணா மூன்று தரம் போன் எடுத்துச் சொன்னார். என் கணவர் வரமுடியாது. பயிரில் தத்திப் பூச்சி விழுந்திருந்தது, மருந்து அடிக்கவேண்டும். வெள்ளிக்கிழமை காலை தனியே முல்லைத்தீவுக்கு பஸ் எடுத்தேன். வெள்ளை உடுப்பில் வரிசையாகப் போன பிள்ளைகளைக் கோயிலில் பார்த்தேன். அண்ணி ஆக்கிய இறால் குழம்பில் கைவைக்காமல் மீனைப் போட்டுச் சாப்பிட்டேன். ஞாயிறு மத்தியானம் திரும்பி வந்து படலையைத் திறந்தபோது, என் கணவர் விறாந்தைப் படியில் இருந்தார். அந்த நேரம் அவர் வயலில் நிற்கவேண்டியவர். உள்ளேயிருந்து மாமி வரவில்லை.

“என்னப்பா?” என்றேன்.

அவர் எழும்பவில்லை. “நீர் உள்ள போய்ப் பாரும்” என்றார்.

தொட்டியின் அடி முழுக்க வெளிறிய சிவப்பு. உயிருள்ள இறாலுக்குள் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். இவை அவித்து வைத்தவை போல இருந்தன. காற்று மோட்டர் ஓடியபடி இருந்தது. குமிழிகளின் ஓட்டத்தில் சின்னக் குஞ்சுகள் மேலும் கீழும் மிதந்தன. சினை இறால்கள் சினையோடேயே கிடந்தன. பாசிக்குள், கல்லுக்கு அடியில், பஞ்சுக்குப் பின்னால், எங்கும் ஒரு அசைவும் இல்லை.

என் கணவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

“நேற்றுச் சனிக்கிழமையெல்லே. நீர் தண்ணி மாத்துற நாள். நீர் வந்து களைச்சுப்போய்ச் செய்யப்போறீர் எண்டு நான் செய்தனான். உம்மட வாளியில அம்மா உடுப்பு ஊறப் போட்டிருந்தவ. நான் கொட்டிலுக்குள்ள கிடந்த வாளியை எடுத்தனான்.”

தத்திக்கு மருந்து கலக்கிற வாளி. அதை அவர் சொல்லத் தேவையில்லை.

“சவுக்காரம் போட்டு நாலு தரம் கழுவினனான். மணத்துப் பாத்தனான், மணமில்லை. விட்ட உடனே எல்லாம் விழுந்தடிச்சு ஓடிச்சுதுகள். அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும். நான் நினைச்சன், புதுத் தண்ணி கண்ட சந்தோசத்தில ஓடுதுகளாக்கும் எண்டு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினனான். ரெண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு நிண்டு பாத்தனாங்கள்.”

நான் தேயிலை வடியை எடுத்துவந்தேன். ஒரு வெள்ளைக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வடியாக அள்ளிப் போடத் தொடங்கினேன். கை நடுங்கவில்லை. பெரியவை முதலில் வந்தன. குஞ்சுகள் வடியின் கண்ணில் ஒட்டிக்கொண்டன. தட்டித் தட்டி எடுத்தேன்.

“ஏதாவது சொல்லுமன்” என்றார்.

நான் வடியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் என் வாய் கதைக்கத் தொடங்கியது. அதை நான் யோசித்துச் சொல்லவில்லை.

“எனக்கும் அப்பிடித்தான் நடந்தது. அந்த வியாழக்கிழமை பின்னேரம் பிள்ளை நல்லா உதைச்சது. ஒருநாளும் இல்லாத உதை. வயிறு இஞ்சையும் அங்கையும் குலுங்கினது. நானும் சந்தோசத்தில விளையாடுது எண்டுதான் நினைச்சனான். உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவம் எண்டு பாத்தன், நீங்கள் வயலால வரேல்லை. அடுத்த நாள் அசையேல்லை. நித்திரையாக்கும் எண்டு இருந்திட்டன். டொக்டரிட்ட இதை நான் சொல்லேல்லை. ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை.”

நான் வடியைக் கழுவிவிட்டுத் திரும்பவும் தொட்டிக்குள் விட்டேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அவர் நிலத்தில் குந்திவிட்டார். சுவரோடு முதுகு சாய, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவருடைய அப்பா செத்த வீட்டில்கூட ஓடியாடி வேலை செய்துகொண்டு நின்றவர். மாமி அறைக்குள்ளிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினா.

“தலைமயிர் இருந்தது” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “என்ன?”

“பிள்ளைக்கு. தலை நிறைய மயிர். உம்மடையைப் போல, சுருள். துவாயை விலத்திப் பாத்தனான். ஒரு கையை மூடி வைச்சிருந்தவ. விரிச்சுப் பாத்தன், நகமெல்லாம் வளந்திருந்தது. நான் ஒரு ஆள்தான் போனனான். வேற ஒருத்தரையும் வரவேண்டாம் எண்டிட்டன். எங்கட சுடலையில பிள்ளையளைப் புதைக்கிற மூலை ஒண்டு இருக்கு. நானே கிடங்கு வெட்டினனான். உமக்குச் சொல்லவேணும், சொல்லவேணும் எண்டு... நீர் கேக்கேல்லை. கேக்காததைச் சொல்லி உம்மை...”

நான் வடியை வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். தோளில் கையை வைக்கவேண்டும் என்று தெரிந்தது; வைத்தேன். அவர் தோள் குலுங்கியது. என் கை ஈரமாக இருந்ததால் அவருடைய சேட்டில் ஈரம் படிந்தது. சுருள் மயிர் என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். மூடிய கை என்றும் சொல்லிப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய பிள்ளையைப் பற்றி யாரோ சொல்வதைக் கேட்பது போலத்தான் இருந்தது. ஆனால் மறக்கவில்லை. இன்று வரைக்கும் அந்த இரண்டும் மறக்கவில்லை.

கோப்பையில் கிடந்தவற்றை அவர் கிணற்றடி வாழைக்குக் கீழே வெட்டிப் புதைத்தார். நான் மணலையும் பாசியையும் எறிந்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒருநாள் காலையில், “என்னை அங்க கூட்டிக்கொண்டு போங்கோ” என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தார். மழை விட்டிருந்தது. சுடலைக்குப் போகும் பாதை முழுக்கச் சேறு. கடைசித் துண்டை நடந்துபோனோம். முட்பற்றைகளை விலக்கிக்கொண்டு ஒரு மூலையைக் காட்டினார். மண் இறங்கி, புல் முளைத்து, மற்ற நிலத்தைப் போலவே இருந்தது. தலைமாட்டில் ஒரு கல் வைத்திருந்தார். நான் குனிந்து சிலுவை அடையாளம் போட்டேன். அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளை என்று ஒருகணம் நினைத்தேன். பிறகு அந்த நினைப்பும் போய்விட்டது. செருப்புக்குள் முள் ஒன்று ஏறி, அதை எடுப்பதற்காக அவருடைய தோளைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றேன். அங்கே நாங்கள் பத்து நிமிடம்கூட நின்றிருக்கமாட்டோம்.

தை பிறந்ததும் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கினேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வாசலில் நின்று தாய்மாரைக் கூப்பிட்டு அழுதார்கள். நான் ஒவ்வொருவராகத் தூக்கி உள்ளே கொண்டுபோய் இருத்தினேன். வேலை வேலையாக நடந்தது.

அறுவடை முடிந்த கையோடு என் கணவர் ஒரு போத்தலைக் கொண்டுவந்து நீட்டினார். கலங்கல் தண்ணீர். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிபோல நிறமே இல்லாத சின்ன இறால்கள், ஒரு பத்து இருக்கும்.

“குளத்தில, வயல் தண்ணி வராத பக்கம், தாமரை வேருக்குள்ள பிடிச்சனான். சிவப்பில்லை. நீர் விரும்பினா விடும். இல்லாட்டித் திரும்பக் கொண்டுபோய் விடுறன்.”

தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பினேன். அவர் கிட்டவும் வரவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கதவடியில் நின்றார். அவை உள்ளே போனதும் காணாமலே போய்விட்டன. கன நேரம் உற்றுப் பார்த்தால் மட்டும் இரண்டு கறுப்புக் கண்கள் நகர்வது தெரியும். கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். “காட்டு இறால் தொட்டிக்குள்ள குஞ்சு பொரிக்கிறது கஸ்டம் தங்கச்சி. சிலதுக்கு உவர்த்தண்ணி வேணும் எண்டு சொல்லுவினம். பாப்பம்” என்றா. சிவப்பு இறால் வேண்டுமென்றால் தருவதாகவும் சொன்னா. இப்போதைக்கு வேண்டாம் என்று வந்துவிட்டேன். இவை சினைப்படவில்லை. மூன்று செத்தன. மிச்சம் இருக்கின்றன.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குக் கட்டுவதற்காகத் தோய்த்து, கஞ்சி போட்டுக் கொடியில் காயவிட்ட என் வெள்ளைச் சீலைக்கு மேலே, என் கணவர் சேறு பிடித்த, வயலுக்குக் கட்டும் சாரத்தைக் கொண்டுபோய் விரித்துவிட்டார். நான் வெளியே வந்து பார்த்தேன். காலிலிருந்து ஏதோ விறுவிறுவென்று ஏறியது.

“கண் தெரியாதோ உங்களுக்கு? எத்தினை தரம் சொல்லிப்போட்டன் அந்தக் கொடியில போடாதேங்கோ எண்டு! உடுக்கிற சீலையும் தெரியாது, ஊத்தைச் சாரமும் தெரியாது! நான் இப்ப எதைக் கட்டிக்கொண்டு போறது?”

ஆஸ்பத்திரிக்குப் பிறகு நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான்; வளவு தாண்டிக் கேட்டிருக்கும். சாரத்தை இழுத்து முற்றத்தில் எறிந்தேன். குசினி யன்னலில் மாமியின் முகம் தெரிந்தது. என் கணவர் பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தவர், வாயில் நுரையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

“என்ன சிரிப்பு?” என்று கத்தினேன்.

“ஒண்டுமில்லை” என்றார். “இன்னும் பேசும்.”

நான் பேசினேன். சீலையைப் பற்றி, சேற்றுக் காலோடு ஹோலுக்குள் வருவதைப் பற்றி, தேயிலை முடிந்து இரண்டு நாளாகியும் வாங்கி வராததைப் பற்றி. பேசி முடிந்தபோது மூச்சு வாங்கியது. கை இரண்டும் நடுங்கின. கிணற்றுக்கட்டில் போய் இருந்தேன். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, என் சீலையைக் கொடியிலிருந்து எடுத்து, சேறு பட்ட இடத்தை மட்டும் கையில் பிடித்துக் கசக்கத் தொடங்கினார்.

“உப்பிடி இல்லை, தாங்கோ” என்று வாங்கி நானே கசக்கினேன். அன்று பூசைக்குப் பிந்தித்தான் போனேன்.